தாளில் எழுந்த ஞாயிறு

வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்தது எங்கள் ஊராகிய லப்பைக்குடிக்காடு. அக்கரையில் திட்டக்குடி. ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நீரினும் மணலே மிகுந்திருக்கும். அம்மணல்மீது காயும் வெயிலின் கடுமையைக் கூற வேண்டுவதில்லை. "வெயிலில் திரியாதே" என்னும் அறிவுரையை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவன் நான். அத்தகைய எனக்கு, வெயிலை நாடிச் சென்று அமரும் இன்பத்தைக் கற்பித்தவர் என் தாய்மாமன்.

மாமா பல்லாண்டுகள் கடல் கடந்து பணிபுரிந்தவர். 1990-ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோது உறவினர்க்கெல்லாம் துணிமணிகள் கொணர்ந்தார். தமக்கெனக் கொணர்ந்தது ஒரு சிறு தொலைநோக்கியே. அதன் முகப்பு வில்லை 60 மில்லிமீட்டர் விட்டமுடையது. மறுநாட்காலை மொட்டை மாடியில் அதனை நிறுத்தினார். ஞாயிற்றைக் கண்டுவிடும் ஆவலில் நான் விரைந்து குனிந்தேன். மாமா என் தோளைப் பற்றிப் பின்னே இழுத்தார். குழாயை ஞாயிற்றின்பால் திருப்பி, நான் கண் வைக்க இருந்த இடத்தில் உலர்ந்த சருகு ஒன்றைப் பிடித்தார். நொடிப்பொழுதில் அது கருகிப் புகைந்தது.

"தம்பி, உன் கண்ணுக்கும் இதுவே நேர்ந்திருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, தான் எரிவதை அது உனக்கு அறிவிக்கவும் மாட்டாது" என்றார்.

பிறகு ஞாயிற்றைக் காணும் முறையைக் காட்டினார். குழாயின் நிழல் மிகச் சிறிதாகும்வரை அதனைத் திருப்புவார். நிழல் குறுகிய நிலையில் குழாய் ஞாயிற்றை நேர்நோக்கி நிற்கும். கண் வைக்கும் வில்லைக்குப் பின்னே, ஒரு சாண் தொலைவில் வெள்ளைத்தாள் ஒட்டிய அட்டையைப் பிடிப்பார். தாளின்மேல் நிழல் விழுமாறு குழாயைச் சுற்றி மற்றோர் அட்டையைச் செருகுவார். உடனே அத்தாளில் வட்டமான ஞாயிறு எழும்! நிமிர்ந்து நோக்க இயலாத அப்பெருஞ்சுடர், குனிந்து நோக்கும் என் முன்னே தண்ணென்று கிடந்தது. அது மெல்ல நகர்ந்து, இரண்டு நிமிடங்களில் தன் அகலம் முழுவதையும் கடந்தது. நகர்ந்தது ஞாயிறன்று, நாங்கள் நின்ற நிலமே சுழல்கின்றது என்று மாமா விளக்கினார். புவி சுழல்வதைப் பாடநூலில் படித்திருந்த நான், அன்றுதான் அதனைக் கண்டேன்.

வட்டத்தின் நடுவே ஒளி மிக்கும், விளிம்பில் சற்று மங்கியும் இருந்தது. ஆங்காங்கே கரும்புள்ளிகள் தோன்றின. தாளில் தூசு படிந்தது எனக் கருதி ஊதினேன்; அவை அகலவில்லை. காந்த விசை மிக்க இடங்களில் உள்ளிருந்து வரும் வெப்பம் தடைப்படுவதால், அவ்விடங்கள் சுற்றுப்புறத்தினும் குளிர்ந்து கருமையாய்த் தோன்றுகின்றன. குளிர்ந்தவை எனினும் அவற்றின் வெப்பம் ஏறத்தாழ 4,000 பாகை செல்சியசு! நாங்கள் வரைந்த வட்டம் 15 சென்டிமீட்டர் விட்டமுடையது. அதில் ஒரு கடுகை வைத்து, "அவ்வளவே நம் புவி" என்றார் மாமா. கடுகினும் பெரிய புள்ளிகளும் அங்கு இருந்தன.

நாள்தோறும் காலையில் புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, நாளும் நேரமும் எழுதுவது எங்கள் வழக்கமாயிற்று. புள்ளிக்கூட்டம் ஒன்று கீழ்விளிம்பில் தோன்றி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மேல்விளிம்பில் மறைந்தது. ஞாயிறும் தன்னைத்தானே சுற்றுகின்றது என்பதற்கு எங்கள் நோட்டுப் புத்தகமே சான்றாயிற்று.

ஒருமுறை மாமா வெளியூர் சென்றிருந்தார். தோழர்கள் அழைக்க, நான் ஆற்றுக்கு விளையாடச் சென்றுவிட்டேன். மாலையில் அச்சம் பிறந்தது. புள்ளிகள் நகரும் அளவை அறிந்திருந்தமையால், அன்றைய இடத்தைக் கணித்து, பார்த்தவன்போலக் குறித்து வைத்தேன். மறுநாள் மாமா வந்து படம் வரைந்தார். கீழ்விளிம்பிலிருந்து அரை விரற்கடை உள்ளே, பெரும் புள்ளிக்கூட்டம் ஒன்று புதிதாய் நின்றது.

"இஃது இவ்வளவு உள்ளே வந்துள்ளதே, நேற்று விளிம்பருகே நின்றிருக்குமே! உன் படத்தில் எங்கே?" என்று வினவினார்.

நான் தலைகுனிந்தேன். அவர் சினந்திலர். "பார்க்காத நாளை வெறுமையாக விடு. வெற்றுத்தாள் பொய் சொல்லாது. ஒரு பக்கம் பொய்யானால், மற்றைப் பக்கங்களை யார் நம்புவார்?" என்றார். நான் அப்பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்து, 'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

அச்சொல்லின் அருமையைப் பின்னர் நூல்களைப் படித்தே முழுதும் உணர்ந்தேன். செருமனி நாட்டில் சுவாபே என்பார் மருந்து வணிகர். வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். 1826 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சிறு தொலைநோக்கியால் கரும்புள்ளிகளை எண்ணி வந்தார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1843-இல், புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என வெளியிட்டார். அக்காலம் சராசரி பதினோர் ஆண்டுகள் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஞாயிற்றின் மாறுதல்களால் மழையை முன்னறிய இயலுமோ என்னும் ஏக்கம் அறிஞரிடையே வலுத்தது. 1899-இல் கொடைக்கானலில் ஞாயிற்று ஆய்வுக்கூடம் அமைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். புள்ளிகளைக் கொண்டு மட்டும் மழையைக் கூறிவிட முடியவில்லை. ஆயினும் 1904 முதல் அங்கு எடுக்கப்பெற்ற ஞாயிற்றுப் படங்கள், நூற்றாண்டைக் கடந்த அரிய செல்வமாயின. 1909-இல் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்த எவர்செட்டு, இளமையில் இங்கிலாந்தில் ஆர்வத்தால் மட்டுமே ஞாயிற்றை ஆராய்ந்தவர். 2023 செப்டம்பர் 2-இல் இந்தியா விண்ணுக்கு அனுப்பிய ஆதித்யா எல்-1 கலத்தின் திட்ட இயக்குநராக விளங்கிய நிகார் சாசி, நம் செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

2019 டிசம்பர் 26-இல் ஞாயிற்று மறைப்பு நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய ஊர்களுக்கு அது பொன்வளையமாய்த் தோன்றும் நிலை. எங்கள் ஊர் அப்பாதைக்கு வடக்கே இருந்தமையால் எங்களுக்குப் பிறைதான். அன்று பழைய தொலைநோக்கியுடன் என் நோட்டுப் புத்தகத்தையும் சிறுவர்க்குக் காட்டினேன். "இப்பக்கத்தை ஏன் அடித்துவிட்டீர்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நடந்ததை மறைக்காமல் கூறினேன்.

மாணவர்களே! வெறுங்கண்ணாலோ, புகையேற்றிய கண்ணாடியாலோ, தொலைநோக்கி வழியாகவோ ஞாயிற்றை ஒருபோதும் நோக்காதீர்கள். அறிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு அதனைத் தாளில் இறக்கிக் காணுங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். காணாத நாளில், 'பார்க்கவில்லை' என எழுதக் கூசாதீர்கள். என் நோட்டுப் புத்தகத்தில் நான் மிகவும் போற்றும் பக்கம் அதுவே.