அண்ணனின் பழைய காகிதம்

1985-ஆம் ஆண்டு வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் என் அண்ணன் சிப்பாயாகச் சேர்ந்தபோது, உடற்சோதனையில் ஒரு குறையும் காணப்படவில்லை. 2009-இல் நீரிழிவு நோயோடு ஓய்வு பெற்றார். மருத்துவக் குழு ஊனம் 20 விழுக்காடு என்று குறித்தது. ஆனால், ‘பணியால் விளைந்ததன்று, பணியால் மிகுந்ததுமன்று’ என்று முடித்திருந்தது. காரணம் எழுதப்படவில்லை. அந்த ஒரு வரியால் ஊன ஓய்வூதியம் கிடைக்காமற் போயிற்று.

மேல்முறையீடு செய்யும்படி நான் வற்புறுத்தும்போதெல்லாம், “சர்க்கரை வியாதிக்காக என்னைக் கையேந்தச் சொல்கிறாயா, தம்பி?” என்று கடிந்துகொள்வார்.

சென்ற மழைக்காலத்தில் அவருடைய கால் பெருவிரலை எடுக்க நேர்ந்தது. அன்றிரவு அண்ணி தகரப் பெட்டியைத் திறந்து, அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

விசாரித்து அறிந்தேன். படையில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர்த் தோன்றினால், அது பணியால் வந்ததென்றே பொதுவாகக் கொள்ள வேண்டும். அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் அளித்த தீர்ப்பு இது. அமைதிப் பகுதியில் பணியாற்றினார் என்பதை மட்டும் காட்டி நீரிழிவுக்கான ஓய்வூதியத்தை மறுக்கலாகாது என்று தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் கூறியது. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வு பெற்றோருக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. அண்ணன் அதற்கு முற்பட்டவர்.

இவற்றை வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார்.

“அப்படியானால் இது பிச்சையன்று?”

“உரிமை, அண்ணா.”

சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு மனு அனுப்பியுள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால், தம் நோய்க்குத் தாமே குற்றவாளி என்று அண்ணன் இப்போது எண்ணுவதில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இத்தகைய காகிதம் உறங்கக்கூடும். எடுத்துப் பாருங்கள்.