பொரிக்கும் ஓசை

தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கத்துப் பிரியாணிக் கடைகளைப் பற்றி வரும் ரீல்ஸில் நான் பார்ப்பது பிரியாணியை அல்ல, முதலாளியின் கையை. படம் எடுக்கிற பையன் "மக்களே!" என்று தொண்டை கிழியக் கத்துவான். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். எந்த ஊர், எந்தக் கடை என்றாலும் அதே ஆட்டம்தான். பின்னால் நிற்கும் முதலாளிக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. கட்டிக்கொள்வார், பிரிப்பார், கடைசியில் கரண்டியைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கரண்டியை நம்பிப் போகலாம் என்று எனக்குத் தோன்றும்.

கும்பகோணத்தில் நல்ல காபி எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு கடையைச் சொல்லி, தங்களுக்குள் சண்டையும் போடுவார்கள். ஒரகடத்தில் யாரைக் கேட்பது? நாம் கேட்கிற ஆளே போன மாதம் ஒடிசாவிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வந்தவராக இருப்பார். கான்ட்ராக்ட் முடிந்தால் கிளம்பிவிடுவார். பக்கத்து வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிற்றூரின் ஜனத்தொகை. ஆனால் "அங்கே சாப்பிடாதே, எண்ணெய் சரியில்லை" என்று சொல்ல ஒரு பாட்டி கிடையாது. பாட்டி வேலையை இப்போது போன் பார்க்கிறது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வந்து போகிறவர்களின் ஊர் என்றாலே எனக்குச் சங்கப் பாட்டான பட்டினப்பாலைதான் நினைவுக்கு வரும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது, பல மொழி பேசும் வெளிநாட்டார் கலந்து வாழ்ந்த ஊர் என்கிறார். அந்த ஊர் முழுக்கக் கொடிகள். கோயில் வாசலில் ஒன்று, கப்பலின் பாய்மரத்தில் ஒன்று. வாதுக்கு வா என்று அறிஞர்கள் நட்டுவைத்ததும் ஒன்று. அவர்கள் வாரிசுகள் இன்று யூடியூபில் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது கள்ளுக்கடைக் கொடி. மீனை அறுத்து, இறைச்சியைத் துண்டுபோட்டுப் பொரிக்கிற ஓசை கேட்கும் முற்றம். மணலைக் குவித்து, மேலே பூவைச் சிதறியிருக்கிறார்கள். ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறார்கள். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணுக்குக் கொடி, காதுக்குப் பொரியல், அவ்வளவுதான். யவனனுக்கும் புரிந்திருக்கும். நல்ல ரீல்ஸும் அப்படித்தான்: பேச்சே இல்லாமல் தோசைக்கல்லில் கொத்து போடும் சத்தம் மட்டும். பீகார்க்காரருக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஆனால் கடை மூடினால் கொடியை இறக்கிவிடலாம். ரீல்ஸை யார் இறக்குகிறார்கள்? வீடியோவில் பார்த்த ஒரு மெஸ்ஸைத் தேடி வல்லம் பக்கம் போனேன். அதே ஷட்டருக்குள் பைக் வாட்டர் சர்வீஸ் நடந்துகொண்டிருந்தது. ஹோஸைப் பிடித்திருந்த பையன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வீடியோ பாத்துட்டு வந்தீங்களா சார்? மெஸ்ஸு மூடி ஒரு வருஷமாச்சு. தினமும் ரெண்டு பேராச்சும் வராங்க. வந்ததுக்கு வண்டியக் கழுவிட்டுப் போறாங்க. விடட்டுமா தண்ணிய?"