ஓடுவதற்காக ஒரு மலைப்பயணம்

போடிநாயக்கனூர்வாசிகளுக்கு மலையேறுவது புதுமையன்று. ஏலக்காய் எடுக்கவும், ஏலக்காய் வாங்கவும், கடன் வசூலிக்கவும், கல்யாணத்திற்கு அழைக்கவும் நம் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் போடிமெட்டைக் கடந்து சென்று வந்திருக்கின்றனர். சாலை சீர்படுமுன் தலைச்சுமையோடு நடந்தனர், பொதிமாடு ஓட்டினர். மூணாற்றுத் தேயிலையும் ஒரு காலத்தில் நம் ஊர் வழியாகவே வெளியேறியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதனை டாப் ஸ்டேஷன் வரை சுமந்து வர, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிப் பக்கம் இறங்கிப் போடியை அடைந்தது. அந்த ரயில் பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. இத்தனை போக்குவரத்தைக் கண்ட மலைக்கு, வேறெந்த அலுவலும் இன்றி, ஓடுவதற்கென்றே ஒரு குடும்பம் மூட்டை கட்டிப் புறப்படுவதுதான் புதுமை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாம் அவ்வாறு சென்று வந்தோம்.

நம் இளைய மகள் மதுரையில் கல்லூரியில் பயில்கிறாள். விடுதித் தோழியருடன் பொழுதுபோக்காக ஓடத் தொடங்கியவள், விடுமுறையில் ஊர் வந்தாலும் அதனை விடவில்லை. ஸுபுஹுத் தொழுகை முடிந்ததும் முந்தல் சாலையில் அவள் ஓட, நாம் சைக்கிளில் பின்தொடர்வோம். ஐம்பதைக் கடந்த ஒரு மதரஸா ஆசிரியர், தலைப்பாகையோடு சைக்கிள் மிதித்து மகளைத் துரத்துவதைப் பால்காரர்கள் முதலில் வியந்து பார்த்தனர்; பிறகு ஸலாம் சொல்லிப் போயினர். அண்மை ஆண்டுகளில் மூணாறில் பிப்ரவரித் திங்களில் மாரத்தான் ஓட்டம் நடைபெறுகிறது. அதன் பாதித் தொலைவான 21 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுக்கட்டுமா அத்தா என்று அவள் கேட்டாள். கொடு என்றோம்.

அமெரிக்காவில் வாழும் நம் தமக்கையார் மகன் இச்செய்தி கேட்டு மகிழ்ந்து, தொலைபேசியில் தன் அனுபவத்தை விவரித்தான். புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோவுக்கு அருகே உள்ள வால்ட் டிஸ்னி கேளிக்கை நகரில் 1994 முதல் ஜனவரித் திங்களில் மாரத்தான் நடக்கிறது. ஓடுவோர் குடும்பத்தோடு சென்று அங்குள்ள விடுதிகளில் நாட்கணக்கில் தங்குகின்றனர். ஐந்து, பத்து, இருபத்தொன்று, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என நான்கு நாட்களுக்கு நான்கு ஓட்டங்கள். நான்கையும் ஓடி முடிப்போர் மொத்தம் 78 கிலோமீட்டர் ஓடியிருப்பர். பொழுது விடியுமுன்னரே தொடங்கும் ஓட்டம் கேளிக்கைப் பூங்காக்களின் ஊடே செல்கிறது. வழியில் எலி வேடமும் வாத்து வேடமும் பூண்டோர் நிற்பராம். ஓடுகிறவர்கள் ஓட்டத்தை நிறுத்தி, வரிசையில் நின்று, அவர்களோடு படம் எடுத்துக்கொண்டு மீண்டும் ஓடுவராம். பந்தயத்தின் நடுவே எலிக்காக வரிசையில் நிற்பது எவ்வகை ஓட்டம் என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை. ஆயினும், அவனும் மனைவியும் முறைவைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் ஓடினர் என்ற செய்தி நமக்கு மிகவும் பிடித்தது.

அவனுடைய அன்னைக்குப் பிடிக்கவில்லை. “குமரிப் பிள்ளையை ஊரார் பார்க்க ஓட விடுவதா, தம்பி?” என்று தமக்கையார் நம் வீட்டிற்கே வந்து கேட்டார். அவர் வருந்தியதற்குக் காரணமும் இருந்தது. உத்தமபாளையத்துப் பக்கத்திலிருந்து மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தனர். தமக்கையார்தாம் இடையில் நின்றவர். பெண் பந்தயங்களுக்கெல்லாம் போகிறாளாமே, அதை நிறுத்திக்கொள்வாளா என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தனர்.

நாம் கற்ற கல்வியிலிருந்து விடை சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடினார்கள்; அன்னையார் முந்தினார்கள். ஆண்டுகள் சென்றபின் மற்றொரு பயணத்தில் மீண்டும் ஓடியபோது நாயகம் முந்தி, முன்னதற்கு இது ஈடு என்று நகைத்தார்கள். ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி இது. தமக்கையாரோ, “தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டல்லவா ஓடினார்கள்?” என்று கேட்டார். அதுவும் அதே செய்தியில் உள்ளதே, மறுக்க இயலாது. அதனால்தான் தளர்ந்த முழு ஆடையும், தலைமறைப்பும், தாயும் தந்தையும் உடனிருப்பதும் என்றோம். அவர் அமைதி கொள்ளவில்லை. ஹஜ்ஜு செய்தவர் ஆகையால் ஸபா மர்வாவை நினைவூட்டினோம். தாகத்தால் துடித்த மகனுக்காக அன்னை ஹாஜர் ஓடிய ஓட்டம் அது; இன்று அங்கே பச்சை விளக்குகளின் இடையே ஆண்கள் விரைகின்றனர், பெண்கள் நடக்கின்றனர். தமக்கையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “நீ கிதாபு படித்தவன், எதையாவது சொல்லிவிடுவாய்” என்று எழுந்து போனார்.

நம் இல்லத்தாரின் அச்சம் வேறு. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைப் போடியில் யார் மறப்பர்? விடுமுறை நாளில் மகிழ்ச்சியாக மலை பார்க்க வந்த இளையோர் அவர்கள். இது காட்டுப் பாதை அன்று, தார்ச்சாலை என்று பலமுறை சொன்ன பிறகே இல்லத்தார் துணிப்பையை எடுத்தார்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். முந்தலைக் கடந்ததும் சாலை செங்குத்தாக எழுகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிய ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் வண்டியை முந்திச் சென்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேரை அடைக்க முடியும் என்பதை இந்தச் சாலையில்தான் காண வேண்டும். பின்புறத்தில் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுதோறும் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்தவாறு சென்றனர். ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. இரு மாநிலச் சோதனைச் சாவடிகளையும் கடந்து, பூப்பாறை வழியாக, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒருபுறம் கண்டவாறு மூணாறு சேர்ந்தோம். தொழுகையைச் சுருக்கலாமா என்று இல்லத்தார் கேட்டார். போடியிலிருந்து மூணாறு 70 கிலோமீட்டருக்கும் உட்பட்டது. நம் மத்ஹபில் பயணத்திற்குக் கொள்ளப்படும் தொலைவை அது எட்டவில்லை. முழுமையாகவே தொழுதோம்.

பெரிய உல்லாச விடுதிகளின் வார இறுதி வாடகையைக் கேட்டுத் திகைத்து, கடைவீதியருகே எளிய அறை ஒன்றில் தங்கினோம். அன்றிரவு மகள் கலங்கியிருந்தாள். அவள் பழகியதோ சமவெளிச் சாலை. மூணாற்றின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சு விரைவில் முட்டும். அப்போது ஸலமா இப்னு அல்அக்வஃ (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். தோழர்களுள் காலாட்படை வீரராகப் புகழ்பெற்றவர் அவர். ஒட்டகங்களைக் கவர்ந்தோரைத் தனியொருவராய் ஓடித் துரத்தியவர். திரும்பும் வழியில், ஓட்டத்தில் தோற்றறியாத அன்சாரித் தோழர் ஒருவர், மதீனா வரை என்னோடு ஓடுவோர் உண்டா என்று அறைகூவினார். ஸலமா நாயகத்திடம் அனுமதி பெற்று ஓடினார். முதல் ஓரிரு மேடுகள் வரை வேண்டுமென்றே பின்தங்கி மூச்சைச் சேமித்தார். பிறகே விரைந்து முந்தினார். அம்மேட்டைக் குறிக்க அவர் ஆண்ட அரபுச் சொல் ‘ஷரஃப்’. மேட்டு நிலம் என்பதும் அதற்குப் பொருள். மானம், மேன்மை என்பதும் பொருள். “மாப்பிள்ளை வீட்டார் கேட்பது இரண்டாவது ஷரஃபா, அத்தா?” என்றாள். நாம் உறங்கச் சொன்னோம்.

ஞாயிறு விடியலில் குளிர் எலும்பைத் தொட்டது. அறையிலேயே ஸுபுஹு தொழுது, ஓட்டம் தொடங்குமிடம் சென்றோம். பற்பல ஊர்களிலிருந்தும் வந்த கூட்டம்; நரைத்த தலைகளும் பல இருந்தன. தலைமறைப்போடு நின்ற பிள்ளையை ஓரிருவர் திரும்பிப் பார்த்தனர். பிறகு தத்தம் காலணிக் கயிற்றைக் கட்டுவதில் ஆழ்ந்தனர். காத்திருப்போர்க்கு அங்கே வேலையொன்றும் இல்லை. தஸ்பீஹ் உருட்டினோம், தேநீர் குடித்தோம், மீண்டும் உருட்டினோம். இல்லத்தார் சாலை வளைவினின்றும் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் அவ்வளைவில் நம் பிள்ளை தெரிந்தாள். முகம் சிவந்து, உதடு உலர்ந்து, ஆனால் ஓடிக்கொண்டே வந்தாள். “முதல் மேட்டில் எல்லாரையும் போக விட்டேன் அத்தா” என்பதே அவள் சொன்ன முதற்சொல். பதக்கத்தை இல்லத்தார் தம் முந்தானையால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

மறுநாள் பிற்பகல் திரும்புகையில் போடிமெட்டில் தேநீருக்காக நின்றோம். வேலை முடிந்து இறங்கும் தோட்டப் பெண்கள் சிலர் கடைவாயிலில் நின்றனர். மகள் தாங்கித் தாங்கி நடப்பதைக் கண்டு, “காலில் என்ன பாப்பா?” என்று ஒருவர் விசாரித்தார். ஓட்டப் பந்தயம் என்றாள். என்ன பரிசு தந்தனர் என்று கேட்டதற்குப் பதக்கத்தைக் காட்டினாள். காசு இல்லையா? இல்லை, நாங்கள்தான் காசு கட்டினோம் என்றாள். அவ்வளவுதான், அப்பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தனர். மகளும் சிரித்தாள். சரிவில் நாள் முழுதும் நின்று, குனிந்து, தூர்தோறும் காய் தேடிய கால்களுக்கு அச்சிரிப்பில் உரிமை உண்டு. 1896இல் ஏதென்சில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஸ்பிரிடன் லூயிஸ் தண்ணீர் சுமந்து பிழைத்தவர் என்பது அப்போது நம் நினைவில் வந்தது. மூத்தவரான ஒரு பெண்மணி பதக்கத்தைக் கையில் வாங்கி எடை பார்த்து, “இருபத்தோரு கிலோமீட்டரா? கீழே ஊர் வரைக்கும் ஓடியே போயிடலாமே” என்றார். அவர்களுடைய ஜீப் ஒலியெழுப்பியது, ஏறிப் போயினர்.

மாப்பிள்ளை வீட்டார்க்கு நாம் மறைக்கவில்லை. மகள் மூணாறில் ஓடினாள், இனியும் ஓடுவாள், விருப்பமானால் வாருங்கள் என்று தமக்கையார் மூலமே சொல்லியனுப்பினோம். மூன்று வாரம் மறுமொழி இல்லை. பிறகு, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் வருகிறோம் என்று செய்தி வந்தது. முன்னறையின் சுவரில் மாட்டியுள்ள பதக்கத்தை அன்று மட்டும் உள்ளே எடுத்து வைக்கலாமே என்று இல்லத்தார் மெல்லக் கேட்டார். அது அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னவர் தமக்கையார்.