படத்தில் நரி எங்கே?

பழைய ஆங்கில நரிவேட்டைப் படத்தைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் குதிரையைத்தான் பார்ப்பார்கள். பிறகு சிவப்புக் கோட்டு, நாய்க்கூட்டம், வேலி தாண்டும்போது தொப்பியைப் பறிகொடுக்கும் ஆள். நான் நரியைத் தேடுவேன். திருச்சுழிக்கு அப்பால் நரிக்குடி என்று ஓர் ஊரே இருக்கிற சீமையில் வளர்ந்தவனுக்குக் கண் அங்கேதான் போகும். பல படங்களில் அது இருக்கவே இருக்காது. இருந்தால், தூரத்து மேட்டின் சரிவில் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செம்பழுப்புத் தீற்றல். அத்தனை குதிரைகளும் அத்தனை ஆட்களும் ஓடுவது அந்தத் தீற்றலுக்காக.

"நமக்கெதுக்கு அண்ணாச்சி வெள்ளக்காரன் வேட்டப் படம்?" என்று அருப்புக்கோட்டையில் கேட்காதவர்கள் குறைவு. கேட்கத்தான் வேண்டும். என் முதல் பதில், அதன் அச்சு வேலைக்காக.

செப்புத் தகட்டில் பிசின் பொடியைச் சன்னமாகத் தூவி, அடியில் சூடு காட்டுவார்கள். பொடி உருகிச் சிறுசிறு துளியாகத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் திராவகத்தில் இறக்கினால் துளிகளுக்கு இடையில் உள்ள செம்பை மட்டும் அது அரிக்கும். வெளுப்பாக நிற்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடி இறக்குவார்கள். கூடுதல் நேரம் கிடக்கிற இடம் கூடுதல் கறுப்பு. மூடுவதும் இறக்குவதுமாகப் பலமுறை செய்து, குளிர்கால வானத்தின் மங்கலையும் குதிரை வயிற்றின் நிழலையும் ஒரே தகட்டில் கொண்டுவந்தார்கள். இதற்கு அக்வாடின்ட் என்று பெயர். இங்கிலாந்தில் 1770-களில் ஓவியர் பால் சாண்ட்பி இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மையேற்றித் தாளில் எடுத்த பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டினார்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் கோட்டின் சிவப்பு ஒன்றுபோல இராது. அந்த வேறுபாட்டைப் பார்க்கும்போது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் கூலிக்குத் தூரிகை பிடித்த, பெயர் தெரியாத ஒருவரின் கையைப் பார்க்கிறேன்.

இந்தத் தொழில் நம் பக்கத்துக்கு அந்நியமும் இல்லை. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் மதுரை வழியாக வந்து வரைந்துகொண்டு போனார்கள். திருமலை நாயக்கர் மகாலைப் பிறகு லண்டனில் இதே அக்வாடின்ட் முறையில்தான் அச்சிட்டார்கள். நரிவேட்டைப் படத்தில் இங்கிலாந்தின் பனிமூட்டத்தைத் தந்த அதே பிசின் பொடியும் திராவகமும் நாயக்கர் மகாலின் நிழலையும் தந்திருக்கின்றன.

படம் அசலா, பின்னாளில் அடித்த நகலா என்று பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது சிவகாசி. அங்கே அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் லென்ஸை என் கையில் கொடுத்து, "புள்ளி வரிசையா நிக்குதான்னு மட்டும் பாருங்க" என்றார். ஆப்செட்டில் அடித்த நகலானால் புள்ளிகள் கோடு பிடித்து நிற்கும். அக்வாடின்டில் கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டைப் போல ஒழுங்கில்லாத வலை தெரியும். அடுத்து, தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். படத்தின் அடியில் இடப்பக்கம் ஓவியர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர், நடுவில் வெளியிட்டவர் முகவரியும் தேதியும் இருக்கும். ஓவியர் ஹோகார்த் முன்னின்று வாங்கிய 1735-ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்புரிமைக்கு உரியவர் பெயரையும் தேதியையும் கட்டாயமாக்கியது. ஆனால் தகடு தேயும்வரை எத்தனை வருஷம் கழித்தும் அடிக்கலாம், அடியில் உள்ள தேதி மாறாது. உண்மையைத் தாள்தான் சொல்லும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாள் செய்த வாட்மனின் பெயரும், சில தாள்களில் ஆண்டும் நீர்க்குறியாகத் தெரியும். 1820 என்று அச்சிட்ட படத்தின் தாளுக்குள் அதற்குப் பல வருஷம் பிந்திய ஆண்டு இருந்தால் விஷயம் விளங்கிவிடும். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்குவதற்காக ஓரத்தை வெட்டிவிட்ட பிரதிகளில் இவை எல்லாம் போய்விடும். அப்படி வெட்டுவது எனக்குப் பெரிய வருத்தம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில்தான் பெரும்பாலும் தேடுவேன். பிரித்துப்போட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண், பீங்கான், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படங்கள் ஆகியவற்றோடு எப்போதாவது ஒரு நரிவேட்டை வரும். பாதிக்கு மேல் இருபதாம் நூற்றாண்டு நகல்கள்தான். ஹென்றி ஆல்கன் பெயர் போட்டது நிறைய. 1785 முதல் 1851 வரை வாழ்ந்த ஆல்கன் இந்தப் படங்களின் ராஜா. தொடக்கத்தில் சொந்தப் பெயரை மறைத்து 'பென் டாலி-ஹோ' என்று கையெழுத்திட்டவர். லெஸ்டர்ஷயரின் க்வார்ன் வேட்டைக் குழுவைப் பற்றி அவர் வரைந்த எட்டுப் படங்களை எஃப்.சி. லூயிஸ் தகட்டில் ஏற்ற, ஆக்கர்மன் நிறுவனம் 1835-இல் வெளியிட்டது. சேகரிப்பவர்கள் அந்த எட்டும் சேர்ந்து கிடைப்பதற்கு ஏங்குவார்கள்.

ஆல்கனின் குதிரைகள் முன்னங்கால் இரண்டையும் முன்னாலும் பின்னங்கால் இரண்டையும் பின்னாலும் நீட்டி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி பறக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் அதை நிரூபித்தன: நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் நொடியில் அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். இருந்தாலும் ஆல்கனின் குதிரையில் உள்ள வேகம் மைபிரிட்ஜின் குதிரையில் இல்லை என்பேன். எங்கள் அய்யனார் கோயில் மண்குதிரை ஓரடி நகராமல் ஊரெல்லைக்கே காவல் நிற்கிறது. குதிரையை எப்படிக் காட்டினால் மனசு நம்பும் என்பது வேறு கணக்கு.

நரிவேட்டைப் படங்கள் வழக்கமாக நான்கு நான்காக வரும். கூடுவது, புதரிலிருந்து நரி வெளிப்படுவது, முழு ஓட்டம், கடைசியில் சாவு. நான்காவது தாளில்தான் நரி பெரிதாகத் தெரியும். நாய்களுக்கு மேலே ஓர் ஆள் அதைத் தூக்கிப் பிடித்திருப்பான். மூன்று தாள்களில் கண்ணுக்கு எட்டாத உயிர், செத்த பிறகு படத்தின் நடுவுக்கு வருகிறது. நான்கும் சேர்ந்தால்தான் விலை என்பது வியாபாரிகள் கணக்கு. நான் நான்காவதை வாங்குவதில்லை. கலையின் குறை என்று அதைச் சொல்லவில்லை. அந்தத் தாளை என் வீட்டுச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

வெள்ளைக்காரர்கள் இந்த விளையாட்டை இங்கேயும் கொண்டுவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டியில் வேட்டைக் குழு அமைத்து, இங்கிலாந்திலிருந்து கப்பலில் நாய்களை வரவழைத்து, நீலகிரிப் புல்வெளிகளில் சிவப்புக் கோட்டோடு குதிரை விட்டார்கள். அந்த ஊர் நரி கிடைக்காததால் இந்த ஊர் பெருநரியை, ஜாக்கல் என்று அவர்கள் சொல்வதை, துரத்தினார்கள். வங்காளத்தில் இருந்த தாமஸ் வில்லியம்சனின் குறிப்புகளைக் கொண்டு சாமுவேல் ஹோவிட் வரைந்து, எட்வர்ட் ஓர்ம் 1807-இல் வெளியிட்ட 'ஓரியன்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்' நூலின் நாற்பது வண்ணப் படங்களில் நரிவேட்டையும் ஒன்று. புலியும் யானையும் உள்ள தாள்களைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். நான் அந்த நரித் தாளுக்காகக் காத்திருக்கிறேன்.

ஆங்கிலப் படத்து நரிக்கு வால்நுனி வெள்ளை. எங்கள் குள்ளநரிக்குக் கறுப்பு. எடை இரண்டு மூன்று கிலோதான், ஏறக்குறைய வீட்டுப் பூனை அளவுதான். பந்தல்குடி, பரளச்சிப் பக்கத்துத் தரிசில் பல வாசல் வைத்துக் குழி பறித்து, ஆணும் பெண்ணும் சோடியாகக் குடியிருக்கும். வெட்டுக்கிளி, கறையான், காட்டு எலி, உதிர்ந்த இலந்தைப்பழம் இவைதான் அதன் சாப்பாடு. வெள்ளாமையைத் தின்கிற எலியைத் தின்கிற பிராணியைக் கிடைக்குட்டி தூக்குகிற பிராணியாகப் பார்த்து விரட்டுகிறோம். பெருநரியின் பழியையும் சேர்த்து இதுதான் சுமக்கிறது. திறந்த வெளியில் நாலு பக்கமும் பார்த்து வாழப் பழகிய உயிருக்குச் சீமைக்கருவேலம் மூடிய காடு உதவாது. மிச்சத் தரிசு பிளாட்டாகிறது. நாலு வழிச்சாலையில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நம் மரபு இந்த உயிரை மறந்ததில்லை. மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்த கதையை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்துகிறார்கள். அங்கே குதிரை நரியைத் துரத்தவில்லை, நரியே குதிரை. இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பின. வேட்டைப் படங்களுக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் இந்தக் கதை நினைவுக்கு வரும். சேலம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கு வங்காநரி என்று சொல்லும் குள்ளநரியைப் பிடித்துவந்து ஓடவிட்டார்கள். நரிமுகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கை. வனத்துறை அதைத் தடுத்துவருகிறது. தடுப்பது சரி. நல்ல சகுனமாக நினைக்கிற உயிரை வலைபோட்டுப் பிடிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்விட்டு நரி வேட்டையாடுவதை 2004-இல் சட்டமியற்றி, 2005 பிப்ரவரியிலிருந்து நிறுத்தினார்கள். ஆல்கன் வரைந்த வேட்டை அவர் ஊரிலேயே இன்று குற்றம். இந்தப் பக்கத்திலும் பாரிவேட்டை என்றும் பொழுதுபோக்கு என்றும் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை இழுத்துக்கொண்டு முயலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாய்களின் அழகு எனக்கும் பிடிக்கும். அவற்றை வளர்ப்பதற்கு வேட்டை தேவையில்லை.

பழைய அச்சுப்படம் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேமினேட் செய்யாதீர்கள், ஓரத்தை வெட்டாதீர்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கறையான் ஏறாமல் சட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி வையுங்கள்.

காடு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குள்ளநரி மாசி, பங்குனியில்தான் குட்டி போடும். சித்திரை மழைக்குக் கோடை உழவு ஓட்டும்போது உங்கள் புஞ்சையில் நரிக்குழி இருந்தால், அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு உழுங்கள். புகை போடாதீர்கள், குழியை மண் தள்ளி மூடாதீர்கள். குட்டிகள் வளர்ந்து அவையே வெளியேறிவிடும். அதன்பிறகு அந்த மூலையையும் உழுதுகொள்ளலாம்.