ஒரு முழத் திட்டு

அம்மாவுக்கு இருமல் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. லிஃப்டிலிருந்து வீட்டுக் கதவு வரை வருவதற்குள் ஒருமுறை நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். அதன்பிறகுதான் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "வீட்டுப் பக்கம் புறா உண்டா?"

ஊதுவத்தி, கொசுவத்தி, ஒட்டடை, தலையணைப் பஞ்சு என்று நான் யோசித்து வைத்திருந்த பதில்களில் புறா இல்லை. அம்மாதான் சொன்னாள்: "என் ரூம் ஜன்னலுக்கு வெளியில ஒரு ஜோடி குடியிருக்கு டாக்டர். அதுங்க குனுகற சத்தத்துலதான் காலையில முழிப்பேன்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அப்பா போனபிறகு அந்த அறையில் அவளுக்கு வாய்த்த துணை அது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எச்சம் காய்ந்து தூளாகிறது. இறகிலிருந்தும் மாவு போல ஒரு பொடி உதிர்கிறது. அதிலுள்ள புரதங்களைச் சிலருடைய நுரையீரல் பகையாக எடுத்துக்கொண்டு போராடத் தொடங்கிவிடும். நாள்தோறும் உள்ளே போகப் போக அழற்சி கூடும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகும். இறுகிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. "மருந்து தரேன். ஆனா புறாவை விலக்காம மருந்து மட்டும் வேலை செய்யாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைத் திறந்து, அந்த இடத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தேன். எங்களுடையது ஏழாவது மாடி. ஜன்னலுக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்கு கான்கிரீட் திட்டு, அதன்மேல் ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட். யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மேலே சன்ஷேடு இருப்பதால் மழை படாது, உச்சிவெயில் படாது. பூனை ஏற வழியில்லை. காக்கை நுழைந்தால் இறக்கையைத் திருப்ப இடமில்லை. அந்தச் சாண் இடைவெளியில் பத்துப் பதினைந்து துடைப்பக்குச்சி, ஒரு துண்டு ஒயர், வேப்பங்குச்சி. புறா கட்டும் கூடு அவ்வளவுதான். தூக்கணாங்குருவி பார்த்தால் அதைக் கூடென்றே ஒப்புக்கொள்ளாது. சுற்றிலும் இரண்டு விரற்கடை கனத்துக்கு எச்சம். அதன்மேல்தான் யூனிட்டின் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அம்மாவின் கட்டில் அங்கிருந்து நான்கடி தூரம்.

இந்தப் பறவையின் மூதாதைகள் கடலோரப் பாறைகளிலும் மலைக்குகை விளிம்புகளிலும் வாழ்ந்தவை. மரக்கிளையைவிடத் தட்டையான கல் விளிம்புதான் அதற்குப் பழக்கம். நாம் ஊரெங்கும் கட்டி எழுப்பியிருப்பது, அதன் கண்ணுக்கு, அடுக்கடுக்காக விளிம்பு வைத்த பாறைச்சரிவு. ஆனால் தமிழில் இதற்குப் பாறைப்புறா என்று பெயர் வழங்கவில்லை. மாடப்புறா என்றுதான் சொன்னோம். மாடம் என்றால் வீடு, மாடி. சுவரில் விளக்கு வைக்கும் பிறையும் மாடம்தான். பெயரிலேயே அதற்கு நம் வீட்டில் இடம் ஒதுக்கிவிட்ட மொழி இது. நக்கீரரின் நெடுநல்வாடையில் கூதிர்க்காலத்து அடைமழை நாள் ஒன்று வருகிறது. வெளியே இரை தேடப் போகமுடியாமல், பகலா இரவா என்று புரியாமல், வீட்டுப் புறா ஒன்று பேடையோடு வீட்டின் கட்டை விளிம்பில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. தலைவியின் தனிமையைச் சொல்ல வந்த பாட்டில் அந்தப் புறாவுக்கும் குளிர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் வயதுள்ள அந்தக் காட்சியில் அது ஒண்டிய விளிம்பும் அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் உள்ள விளிம்பும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

சிற்பிகளின் சொற்களில் இன்னும் நெருக்கம். கோயில் சுவருக்குமேல் வளைந்து வெளியே நீளும் கல் கூரை விளிம்பைக் கொடுங்கை என்பார்கள். அதன் இன்னொரு பெயர் கபோதகம். கபோதம் என்றால் புறா. அந்தக் கபோதகத்தில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் லாட வடிவ வளைவுக்கு என்ன பெயர் தெரியுமா? கூடு. மாமல்லபுரத்து ரதங்களில் பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய கபோதகத்தையும் கூடுகளையும் இன்றைக்கும் கையால் தொட்டுப் பார்க்கலாம். பல கூடுகளில் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். விளிம்பு என்று ஒன்றை வைத்தால் அங்கே பறவை வரும் என்பது தெரிந்தவர்கள் வைத்த பெயராகவே எனக்குப் படுகிறது. எங்கள் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஏழு மாடிக்கும் தட்டைத் திட்டு வைத்தபோது அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

விரட்டும் முயற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சி.டி.க்களைத் தொங்கவிட்டேன்; நான்கு நாள் தயங்கின. பிளாஸ்டிக் ஆந்தை வைத்தேன். ஒரு வாரத்தில் அதன் தலையில் எச்சம் இருந்தது. அசையாத எதற்கும் புறா நெடுநாள் பயப்படாது. தவிர, இடம் மறக்காத பறவை அது. 1946இல் ஒடிசா காவல்துறை புறா அஞ்சலைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியது அந்தக் குணத்தை நம்பித்தான். மைல் கணக்கில் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் பறவையை ஒரு சி.டி. திருப்பி அனுப்பாது. பிறகு முள்பட்டை வாங்கி ஒட்டினேன். முள்ளுக்கு நடுவே குச்சிகளைக் கொண்டுவந்து செருகி அதையே அடித்தளமாக்கிக்கொண்டன. ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் நகரங்களில் பறவைகளைத் தடுக்கக் கட்டடங்களில் ஒட்டிய முள்பட்டைகளைக் காக்கை இனப் பறவைகள் பிடுங்கிப்போய்க் கூடு கட்டியிருப்பதை ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். ஆண்ட்வெர்ப்பில் மேக்பை என்ற பறவையின் கூடு ஒன்றில் ஏறத்தாழ 1500 முட்கள். அவற்றைத் தன் கூட்டுக்குக் கூரையாக, முனை வெளியே பார்க்க அடுக்கியிருந்ததாம். படித்தபோது அந்தப் பறவையின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

மிச்சமிருந்தது வலை. வலை அடிக்க வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் பெல்ட், கையில் டிரில். ஜன்னலுக்கு வெளியே குனிந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அக்கா, ரெண்டு முட்டை கெடக்கு. எடுத்துப் போட்டுட்டு அடிச்சிரவா? எல்லா வீட்லயும் அப்பிடித்தான் சொல்வாங்க."

அடி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். மருத்துவர் சொன்ன தழும்பு என் கண்ணுக்குள் இருந்தது. அதற்குள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "வேண்டாம் தம்பி. குஞ்சு பறந்துட்டுப் போகட்டும். நான் ஹால்ல படுத்துக்கறேன்."

அன்றைக்கு அவளோடு சண்டை போட்டேன். பேச்சில் வென்றவள் அவள்தான். மருத்துவரிடம் ஃபோனில் கேட்டதற்கு, அறையை அடியோடு விலக்க முடிந்தால் சரி, இல்லையென்றால் கூடாது என்றார். அந்த ஜன்னலின் சந்துகளையெல்லாம் டேப் போட்டு அடைத்தோம். அறைக் கதவுக்குக் கீழே ஈரத்துணி. ஏ.சி.யைத் தொடவில்லை. அம்மாவின் கட்டில் வீட்டின் எதிர்ப்பக்கத்துக்குப் போனது. வலைத்தம்பி முன்பணத்தை வாங்கவில்லை. "முட்டை பொரிச்சு, குஞ்சு எறங்கினதும் கூப்பிடுங்க, அன்னிக்கே வரேன். லேட் பண்ணா அடுத்த முட்டை விட்டுரும்" என்று எச்சரித்தான். அவன் சொன்னது உண்மை. ஓர் ஈட்டுக் குஞ்சுகள் முழுதாக விலகும் முன்பே அடுத்த ஈட்டுக்கு முட்டையிடும் பறவை அது. வலைக்குக் கிடைக்கும் இடைவெளி சில நாள்தான்.

அந்த ஆறு ஏழு வாரம், மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாஸ்க் போட்டுக்கொண்டு நான் பார்த்தவை புத்தகத்தில் படித்தவைதான். ஆனாலும் பார்ப்பது வேறு. காலை பத்து மணிவாக்கில் ஆண் வந்து அடைகாக்க உட்காரும். பெண் எழுந்து போகும். மாலையில் பெண் திரும்பியதும் ஆண் விலகும். இரவெல்லாம் பெண். பதினெட்டாம் நாள் பொரிந்தது. மஞ்சள் நூல் ஒட்டினாற்போல இரண்டு உயிர்கள், கண் மூடி, மூக்குதான் பெரிதாக. தாய், தகப்பன் இரண்டின் தொண்டைப்பையிலும் தயிர்க்கட்டி போல ஊறும் பாலை வாய்க்குள் வாய் வைத்து அவை எடுத்துக்கொண்டன. ஆணும் பாலூட்டும் உயிர்கள் உலகில் மிகக் குறைவு. அம்மாவிடம் போய்ச் சொன்னால், "உங்கப்பா உனக்குப் பால்சோறு ஊட்டினமாதிரி" என்பாள்.

குஞ்சுகளில் ஒன்று முப்பத்தோராம் நாள் பறந்தது. மற்றது மூன்று நாள் கழித்து. அன்று மதியமே வலைத்தம்பி வந்தான். முதல்நாள் இரவே அம்மாவை என் உடன்பிறந்த தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டவோ பெருக்கவோ கூடாது. அந்தத் தூசிதான் நஞ்சு. சோப்புத் தண்ணீரைத் தெளித்து அரைமணி ஊறவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரமாகவே வழித்து இரட்டைப் பையில் கட்டினோம். மூன்று பை வந்தது.

வலை அடிப்பதில் அவனுடைய நேர்த்தியைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு சாணுக்கு ஒரு கொக்கி. ஓரக்கயிற்றை இழுத்து, வலையை விரலால் தட்டிப் பார்த்தான். மத்தளத் தோல் போல நின்றது. ஏன் இவ்வளவு இறுக்கம் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நான்காவது மாடியில் விடை கிடைத்தது. அங்கே வேறு யாரோ மலிவாக அடித்த வலை தொய்ந்து தொங்கியது. அதன் மடிப்பில் ஒரு புறா காலும் இறக்கையும் சிக்கித் தலைகீழாகக் கிடந்தது. அந்த வீட்டார் ஊரில் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து துறட்டியால் வலையை இழுத்துப் பிடிக்க, நான் கத்தரித்தேன். உயிர் இருந்தது. காலில் நைலான் இழை எலும்பு வரை அறுத்திருந்தது. துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே அசைவு நின்றுவிட்டது. தொய்ந்த வலை தடுப்பு அல்ல, கண்ணி. ஒட்டும் பசை தடவுகிறார்களே, அது அதைவிடக் கொடுமை. இறகில் ஒட்டிய பசையோடு எந்தப் பறவையும் நெடுநாள் பறக்காது, குருவியானால் அங்கேயே ஒட்டிக்கொண்டு சாகும். காசு மிச்சம் என்று யாராவது அதை வாங்கப் போனால் நான் குறுக்கே நிற்பேன்.

மொட்டைமாடியில் தினமும் கம்பு இறைக்கும் பெரியவரிடமும் பேசினேன். அவருக்கு அது காலைப் பூஜைக்குச் சமம். அவர் மனசை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. 2025இல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தானியம் போடும் கபூதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியபோது, அதைப் பிரித்தெறிய ஜனங்கள் திரண்டார்கள். ஒரு பக்கம் நுரையீரல், ஒரு பக்கம் பக்தி. இரண்டு பக்கமும் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவே: இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கையில் எண்ணிக்கை பெருகிவரும் பறவைகளில் மாடப்புறாவும் ஒன்று. நம் கம்பு இல்லாமலும் அது பிழைக்கும்; ஏழாவது மாடியில் எங்கள் அம்மா பிழைக்கவேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவர் உடனே நிறுத்தவில்லை. கைப்பிடி அளவைக் குறைத்தார். பிறகு தண்ணீர்ச் சட்டி மட்டும் வைத்தார்.

கட்டடத்துக்கு வெள்ளையடிக்க இந்தப் பங்குனியில் சாரம் கட்டினார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: ஏ.சி. திட்டில் கைவைக்க முடியாது. ஆனால் எலிவேஷன் அழகுக்காகச் சுற்றிலும் வைத்த தட்டைப் பட்டைகளை, சாரம் இருக்கும்போதே சரிவாகப் பூசிவிட்டால் என்ன? நாற்பத்தைந்து டிகிரிக்குச் சரிந்த மழமழப்பான பரப்பில் புறாவுக்குக் கால் நிற்காது. முள் வேண்டாம், பசை வேண்டாம், அவ்வப்போது மாற்றும் வலையும் வேண்டாம். செலவைக் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார்கள்.

வந்த கொத்தனார் முதலில் நம்பவில்லை. "தண்ணி வழியறதுக்கு அரை இஞ்ச் வாட்டம் குடுப்போம்மா. இவ்ளோ வாட்டமா?" ஒரு சாண் அகலத்துக்கு ஒரு சாண் உயரம் என்று காட்டினேன். சற்று நேரம் பட்டையையே பார்த்தவர், "கோயில் கொடுங்கை மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதன்பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செங்கல் துண்டுகளை அணைகொடுத்து, கலவை போட்டு, மட்டப்பலகையால் இழுத்து, பாலிஷ் ஏறும்வரை கரணையால் தேய்த்தார். கிழக்குப் பக்கம் முழுவதும் இரண்டு நாளில் முடிந்தது.

மூன்றாம் நாள் தெற்குப் பக்கத்தில், ஐந்தாவது மாடிப் பட்டையின் மூலையில், சித்தாள் பெண் கலவைச்சட்டியோடு நின்றுவிட்டாள். நான் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்ன ஒரு புறா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. கொத்தனார் சாரத்தில் நடந்து வந்து குனிந்து பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த மூலைக்கு இரண்டடி முன்னாலேயே பூச்சை வெட்டி நிறுத்தினார். ஒரு செங்கல் துண்டை எடுத்து, புதிதாய் வெள்ளையடித்த சுவரில், புறாவின் தலைக்குமேல், பெரிய எழுத்தில் "முட்டை" என்று எழுதிவிட்டு, மீதிக் கலவையோடு மேற்குப் பக்கம் போனார்.