நட்டைத் தொட்டது யார்?

நவம்பர் 14, இரவு

மழை விட்ட பிறகுதான் தரமணியிலிருந்து கிளம்பினேன். வேளச்சேரியில் மழை விடுவதற்கும் தண்ணீர் வடிவதற்கும் சம்பந்தமில்லை என்பது எப்படியோ மறந்துவிட்டது. விஜயநகரை நெருங்கும்போது ஸ்கூட்டர் சக்கரம் பாதி முங்கியது. கவலையெல்லாம் சைலன்சர் மேல்தான். ஆக்ஸிலரேட்டரை விடாமல் முறுக்கியபடி, முருகனைக் கூப்பிட்டபடி கடந்துவிட்டேன்.

மேட்டில் ஏறியதும் ஒரு மிதப்பு. வேகம் எடுத்தேன். முன்னால் மாநகரப் பேருந்து நின்றது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். லீவர் வழக்கம்போல் உள்ளே போனது, வண்டிதான் நிற்கவில்லை. சோப்புக் கையில் எவர்சில்வர் டம்ளர் வழுக்குமே, அப்படி. கால்களைத் தரையில் தேய்த்து, பேருந்துக்கு ஒரு சாண் பின்னால் நின்றேன். ஒரு செருப்பின் வார் அறுந்தது. அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்துப் பின்சக்கரத்து பிரேக் நட்டை மூன்று சுற்று முறுக்கினேன். கொஞ்சம் பிடி கிடைத்த மாதிரி இருந்தது. நமக்கும் மெக்கானிக் வேலை வரும் என்று ஒரு பெருமை வேறு.

நவம்பர் 15

காலையில் தள்ளினால் வண்டி அசையவில்லை. பின்சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டது போல. தம் கட்டி உந்தியதும் 'டக்'கென்று விட்டது. ஆனால் ஒரே இழுவை. தண்டீஸ்வரம் போவதற்குள் கருகல் வாடை.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "நட்டை யாரு சார் தொட்டது?"

நான்தான் என்றேன்.

"லூஸா இருந்தா டைட் பண்ணலாம். இது லூஸே இல்ல சார், ஈரம்."

சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக் டிரம்முக்குள் வண்டல். பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே நீர் நிற்கும்வரை எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். காய்ந்த பிறகு, நான் முறுக்கிய மூன்று சுற்றும் சேர்ந்துகொள்ள, ஷூ டிரம்மை விடாமல் உரசியிருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் படிந்த துரு, ஷூவை ஒட்டவும் வைத்துவிட்டது. டிஸ்க் பிரேக் என்றால் தட்டு வெளியில் சுற்றும், தண்ணீர் சீக்கிரம் சிதறிவிடும். டிரம் மூடி போட்ட சட்டி. உள்ளே போனது லேசில் வெளியே வராது.

உப்புத்தாளால் ஷூவைத் தேய்த்து, நட்டைத் தளர்த்திக் கொடுத்தார். "தண்ணியத் தாண்டினா மெதுவா போங்க. பின்னாடி வண்டி வரலன்னா பிரேக்க லேசா புடிச்சுப் புடிச்சு விடுங்க. அந்தச் சூட்டுலயே காஞ்சிரும்."

நவம்பர் 18

மறுபடி மழை, மறுபடி அதே தண்ணீர். தாண்டியதும் ஓரமாக உருட்டிக்கொண்டே பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டேன். முதல் நாலைந்து தடவை ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு 'கீச்'. அதற்கடுத்த அழுத்தலில் வண்டி சட்டென்று நின்றது.

பின்னாலேயே தண்ணீரிலிருந்து ஏறி வந்த ஒருவர் ஹாரனை விடாமல் அடித்து, முறைத்துவிட்டு, சர்ரென்று முந்திப் போனார். அவர் சக்கரத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அடுத்த சிக்னல் பச்சை.