வீட்டிலே ஒரு மின்வழங்கி

கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டியை இன்று நம் வீடுகளில் யாரும் ஒரு யந்திரமாகவே மதிப்பதில்லை. சுவரில் செருகுகிறோம், வேலை முடிந்ததும் பிடுங்குகிறோம், கெட்டுப் போனால் குப்பையில் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறோம். அதனுள்ளே மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து திறந்து மூடும் ஒரு நுட்பம் ஓயாமல் வேலை செய்கிறது என்பதைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. கடைக்காரர்கள் அதை 'எஸ்.எம்.பி.எஸ்.' என்பார்கள். அந்த வகையில் சிறியதும் அபாயம் குறைந்ததுமான ஒன்றை வீட்டிலேயே செய்யலாம் என்பதும், செய்ய வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் நமக்கு வெள்ளத்தில் பிறந்தது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நமது ஜில்லாவில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கும் தூத்துக்குடியிலே, தெருத் தெருவாக இருள் சூழ்ந்தது. அந்த நாட்களில் சோற்றுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் தேடியது கைப்பேசிக்கு உயிரைத்தான். ஏரலில் இருக்கும் மகள் பிழைத்தாளா, ஸ்ரீவைகுண்டத்துத் தாயார் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்பதற்கு வேறு வழி ஏது? இத்தனைக்கும் நமது தெருவிலே மோட்டார் சைக்கிள்களிலும் இன்வெர்ட்டர்களிலுமாகப் பாட்டரிகள் பல இருந்தன. அவற்றிலிருந்த 12 வோல்ட்டை, கைப்பேசிக்கு வேண்டிய 5 வோல்ட்டாக மாற்றத் தெரிந்தவர்தான் இல்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றுகிறது; சுவரில் செருகிய பெட்டி அதை மறுபடி 5 ஆக இறக்குகிறது. இது தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு மதுரை வழியாகப் போவது போன்றது. வழி நெடுகச் செலவு! நேர் வழியில் போவதற்கும் இரண்டு முறைகள் உண்டு.

பழைய முறையில் 7805 என்ற ஐ.சி.யை வைப்பார்கள். அது வேண்டாத 7 வோல்ட்டை உஷ்ணமாக எரித்துவிடும். ஓர் ஆம்பியர் ஓடினால் பாட்டரி கொடுக்கும் 12 வாட்டில் 5 வாட்தான் நமக்கு. 7 வாட் வீண். திறந்து மூடும் முறையிலோ நூற்றுக்குச் சுமார் 80 பங்கு நமக்குக் கிடைக்கிறது. 7 ஆம்பியர்-மணிப் பாட்டரி பழைய முறையில் 7 மணி நேரம் உழைத்தால், புதிய முறையில் கணக்குப்படி 13 மணி நேரம் உழைக்கும். வெள்ளத்தில் அகப்பட்டவனுக்கு அந்த ஆறு மணி நேரம் அற்பமல்ல.

இது எப்படி நடக்கிறது? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்பளத்தைக் காட்டினாலே போதும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வருகிறது. பாத்திக்கு வேண்டியதோ கொஞ்சம். மடையைச் சிறிது நேரம் திறந்து, சிறிது நேரம் மூடினால் வேண்டிய அளவுதான் உள்ளே போகும். 12 வோல்ட்டை 5 ஆக்குவதற்கு, ஒவ்வொரு 12 பங்கு நேரத்திலும் ஏறக்குறைய 5 பங்கு திறந்திருந்தால் போதும். ஆனால் மின்சாரம் இப்படி விட்டு விட்டு வந்தால் கைப்பேசி ஏற்காது. ஆகையால் வழியில் ஒரு செம்புக் கம்பிச் சுருளை வைக்கிறோம். துடுப்பை எடுத்த பிறகும் வள்ளம் சற்று தூரம் ஓடுகிறதல்லவா? அதைப் போலவே மடை மூடிய பிறகும் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் சுற்றி வருவதற்கு வழி விடுவது டையோடு. மிச்சமிருக்கும் அலையைத் தணிப்பது மின்தேக்கி, அதாவது கெபாசிடர். மடைக் காவலனாகிய ஐ.சி., வெளியே போகும் வோல்ட்டைப் பார்த்துப் பார்த்துத் திறக்கும் நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

முதன் முதலில் செய்து பார்ப்பவர்களுக்கு எல்.எம். 2596 என்ற ஐ.சி.யில் 5 வோல்ட் வகை உகந்தது. அது வினாடிக்கு 1,50,000 தடவை திறந்து மூடும். அதனுடன் வேண்டியவை நான்கே: உள்வரும் பக்கத்துக்கு 680 மைக்ரோபாரட், 35 வோல்ட் மின்தேக்கி, வெளிச்செல்லும் பக்கத்துக்கு 220 மைக்ரோபாரட் மின்தேக்கி, 33 மைக்ரோஹென்றி அளவில் 3 ஆம்பியர் தாங்கும் சுருள், 1என் 5822 என்ற ஷாட்கி டையோடு. ஐ.சி.யின் ஐந்து கால்களில் முதலாவது பாட்டரியின் நேர்முனைக்கு. இரண்டாவது, சுருளும் டையோடும் சேருமிடத்துக்கு. மூன்றாவதும் ஐந்தாவதும் எதிர்முனைக்கு. நான்காவது, சுருளின் மறுமுனையிலுள்ள 5 வோல்ட்டுக்கு. டையோடில் கோடு போட்ட முனை சுருளின் பக்கம் இருக்க வேண்டும்; மறுமுனை எதிர்முனைக்கு. கம்பிகள் குட்டையாக இருப்பது முக்கியம்; நீண்டால் வோல்ட் தள்ளாடும். யு.எஸ்.பி. துவாரத்தின் நடு இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பல கைப்பேசிகள் மிகக் குறைவாகவே மின்சாரம் வாங்கும்.

பாட்டரியின் நேர்முனையருகே 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம். முனைகளை மாற்றிக் கொடுத்தால் மின்தேக்கி வெடிக்கக்கூடும். ஆகவே சிவப்பு, கறுப்புக் கம்பிகளை ஒருமுறைக்கு இருமுறை சரி பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் கைப்பேசியை மாட்டலாகாது. 10 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை மாட்டி, மல்டிமீட்டரில் 4.8-க்கும் 5.2-க்கும் இடையே காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கைப்பேசி. பாட்டரி 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். நமது கடற்காற்றின் உப்பு செம்பை அரித்துவிடுமாதலால், எல்லாம் சரியென்று கண்டபின் துவாரம் நீங்கலாகப் பலகைக்கு வார்னிஷ் பூசுவது நலம். பக்கத்தில் மத்திய அலை ரேடியோ வைத்தால் இரையும். சற்று எட்ட வைத்தால் செய்தி கேட்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. சுவர் மின்சாரத்தில் வேலை செய்யும் பெட்டியை உடைத்துப் பார்க்கும் ஆசை எழும். 230 வோல்ட் அதனுள்ளே ஏறக்குறைய 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தங்கியிருந்து ஆளைக் கொல்லக்கூடும். அது தேர்ந்தவர்களின் வேலை. நமது வித்தை 12 வோல்ட்டோடு நிற்கட்டும்.

"இதே பலகை கடையில் ஆயத்தமாக, இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே! ஐ.சி.யும் அயல்நாட்டுச் சரக்குத்தானே?" என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை நம் ஊர்த் துறைமுகமே சொல்லும். 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது 'காலியா', 'லாவோ' என்ற அதன் கப்பல்கள் நம் நாட்டில் கட்டப்பட்டவை அல்ல, வெளிநாட்டில் வாங்கப்பட்டவை. எதிர்க் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்து, மலிவைக் காட்டித்தான் ஜனங்களை இழுத்தது. ஆணி முதல் அனைத்தும் இங்கே பிறந்தால்தான் சுதேசியம் என்று பிள்ளையவர்கள் காத்திருக்கவில்லை. தொழில் நம் கைக்கு வரவேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். 1911-ல் கம்பெனி கலைந்தது. அவர் மூட்டிய எண்ணம் கலையவில்லை.

வாங்கிய பலகை கெட்டால் குப்பைக்குத்தான் போகும். தானே செய்தவனுக்கோ எந்த உறுப்பு போயிற்று என்று தெரியும். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு மின்தேக்கியைக் கொண்டு பழுது பார்த்துவிடுவான். கடைகள் மூடியிருக்கும் நாளில்தான் அந்த அறிவின் விலை தெரியும். சென்ற பருவத்தில் நமது வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகள் ஆளுக்கொன்று செய்து முடித்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி, மீன்பிடிக்கப் போகும் தன் தகப்பனாரின் வள்ளத்தில் அதை டப்பியில் அடைத்துப் பொருத்தியிருக்கிறாள். அடுத்த மழைக்காலத்துக்குள் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இதைச் செய்யத் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்க வேண்டும். பெற்றோர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு சால்டரிங் அயர்னையும் தந்து உதவுவார்களாக.